எழுத்து கெடுவது வேறு, வாசிப்பு கெடுவது வேறு: நுரையீரல் புற்றுநோயில் மரபணு வெளிப்பாடு

நுரையீரல் புற்றுநோயைப் பற்றிய பேச்சில் ‘ஜீன்’ என்ற சொல் வந்தாலே ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த ஜீன் கிடையாது, அதனால் பயமில்லை” என்பார் ஒருவர். “அவருக்குக் கேன்சர் ஜீன் இருந்திருக்கு, அதான் வந்துடுச்சு” என்பார் இன்னொருவர். செய்திகளில் “சில மரபணுக்களின் வெளிப்பாடு மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்” என்று ஒரு வரி வரும். படிப்பவர்கள் அதை “அந்த மரபணுக்கள் கெட்டுப்போய்விட்டன” என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றுமே சரியில்லை.

இந்தக் குழப்பத்தால் நடைமுறையில் பாதிப்பு உண்டு. நோயாளியின் கையில் தரப்படும் அறிக்கையில் ஒரு வரி மரபணுவின் எழுத்தைப் பற்றியும், அடுத்த வரி அது எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதைப் பற்றியும் இருக்கும். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், நுரையீரலில் ஒரு சாதாரண செல் எப்படிப் புற்றுச் செல்லாக மாறுகிறது என்பதும் பெருமளவு புரிந்துவிடும்.

எல்லார் கையிலும் ஒரே பிரதி

ஒரு நாடகக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நடிகர்களிடமும் நாடகத்தின் முழுப் பிரதியும் இருக்கிறது. ஆனால் ராஜா வேடம் போட்டவர் ராஜாவின் வசனத்தை மட்டும் பேசுகிறார். காவலாளியாக வருபவர் தன் முறை வரும்போது தன் இரண்டு வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். யார் எதைப் பேச வேண்டும், எப்போது, எவ்வளவு சத்தமாக என்ற ஒழுங்கு இருப்பதால்தான் அது நாடகமாகிறது.

நம் உடலும் அப்படித்தான். ஏறத்தாழ எல்லாச் செல்களுக்குள்ளும் ஒரே டிஎன்ஏ இருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்து இணைகள் கொண்ட நீளமான மூலக்கூறு அது. அதில் புரதம் செய்யும் குறிப்பைத் தாங்கிய பகுதிகள்தான் மரபணுக்கள். மனிதர்களிடம் அவை சுமார் 20,000. கல்லீரல் செல் ஆல்புமின் என்ற புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. நுரையீரலின் காற்றுப் பைகளில் உள்ள ஒருவகைச் செல், அந்தப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் வழவழப்பான பூச்சைச் செய்கிறது. ஆல்புமினுக்கான மரபணு நுரையீரல் செல்லிலும் இருக்கிறது, பூச்சுக்கான மரபணு கல்லீரல் செல்லிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அவை வாசிக்கப்படுவதில்லை.

ஒரு மரபணு வாசிக்கப்பட்டு அதன் பொருள் செல்லுக்குள் உருவாவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். இது ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டோடு முடிவதில்லை. கொஞ்சம், அதிகம், மிக அதிகம், இந்த நேரத்தில் மட்டும் என்று பல அளவுகள் உண்டு.

வாசிப்பு எப்படி நடக்கிறது

டிஎன்ஏ செல்லின் கருவுக்குள்ளேயே இருக்கும், புரதம் செய்யும் இடமோ கருவுக்கு வெளியே. அதனால் தேவைப்படும் மரபணுவை மட்டும் ஆர்என்ஏ என்ற மூலக்கூறாக நகலெடுத்து வெளியே அனுப்புகிறது செல். இந்த நகலுக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். வெளியே அந்த நகலைப் பார்த்துப் புரதம் கோக்கப்படுகிறது. அதிக நகல் வந்தால் பெரும்பாலும் அதிகப் புரதம் கிடைக்கும். “வெளிப்பாட்டை அளந்தோம்” என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் இந்த நகல்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள். சில நேரம் புரதத்தையே நேராக அளக்கிறார்கள்.

எந்த மரபணுவை நகலெடுப்பது என்பதைத் தீர்மானிக்கப் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவின் முன்னாலும் ஒரு தொடக்கப் பகுதி இருக்கிறது. அதற்கென்றே உள்ள சில புரதங்கள் அங்கே வந்து அமர்ந்தால் நகலெடுப்பு தொடங்கும். இந்தப் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்பார்கள். அதே தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறிய வேதிக்குழு நெருக்கமாக ஒட்டிக்கொண்டால், அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு மெத்திலேற்றம் என்று பெயர். இதில் மரபணுவின் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை, வாசிப்பு மட்டும் நிற்கிறது. டிஎன்ஏ எவ்வளவு இறுக்கமாகச் சுருண்டிருக்கிறது என்பதும் முக்கியம். இறுகிச் சுருண்ட பகுதியை வாசிக்க முடியாது.

நகல் வெளியே வந்த பிறகும் அதைத் தடுக்க வழி இருக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் மிகச்சிறிய ஆர்என்ஏ துண்டுகள் தூது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு, அது புரதமாகாமல் தடுத்துவிடும். 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டிஎன்ஏ எல்லாச் செல்களிலும் ஒன்றே. எந்த மரபணு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதுதான் ஒரு செல்லை நுரையீரல் செல்லாகவோ கல்லீரல் செல்லாகவோ ஆக்குகிறது. அந்த வாசிப்பைக் கூட்டவும் குறைக்கவும் பல பூட்டுகள் இருக்கின்றன.

பிறழ்வும் வெளிப்பாட்டு மாற்றமும்

டிஎன்ஏவில் எழுத்தே மாறிவிடுவதைப் பிறழ்வு என்கிறோம். நாடகப் பிரதியில் ஒரு வரி தப்பாக அச்சாகியிருப்பது போன்றது அது. வெளிப்பாட்டு மாற்றம் என்றால் அச்சு சரியாகவே இருக்கிறது, ஆனால் பேச வேண்டியவர் வாய் திறக்கவில்லை, அல்லது பேசக் கூடாதவர் ஓயாமல் கத்துகிறார். மேடை குழம்புவதற்கு இரண்டில் எதுவும் போதும்.

புற்றுநோயில் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. ஒரு படியெடுப்புக் காரணியின் மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டால், அது கட்டுப்படுத்தும் ஏராளமான மரபணுக்களின் வாசிப்பு மாறிவிடும். நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி கெட்டுப்போகும் டிபி53 மரபணு இப்படிப்பட்டதுதான். டிஎன்ஏ சேதமாகும்போது செல் பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்கவோ செல்லையே சாகடிக்கவோ உத்தரவு தருகிற புரதத்தைச் செய்யும் மரபணு அது. அந்த ஒன்று போனால் பல வரிகள் ஊமையாகிவிடும்.

குடும்பம் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நுரையீரல் புற்றுநோயில் காணப்படும் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. அந்த ஒருவரின் வாழ்நாளில், அவருடைய நுரையீரல் செல்களில் மட்டும் சேர்ந்தவை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது பாதுகாப்பாகிவிடாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து ஓரளவு கூடும், ஆனால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

புகை உள்ளே போகும்போது

புகையிலைப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது. உள்ளே நுழைந்த கோலத்தில் அது டிஎன்ஏவைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மூச்சுக்குழாய்ச் செல் அதை அந்நியப் பொருளாக உணர்ந்து வெளியேற்றப் பார்க்கிறது. அதற்காகச் சிப்1ஏ1 என்ற மரபணுவின் வாசிப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. அந்த மரபணு செய்யும் நொதி, பென்சோபைரீனை நீரில் கரையும் பொருளாக மாற்ற முயல்கிறது. அப்படி மாற்றும் வழியில் உருவாகும் ஓர் இடைநிலைப் பொருள்தான் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு எழுத்தைக் கெடுக்கிறது. அதாவது, செல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வெளிப்பாட்டு மாற்றமே பிறழ்வுக்கு வழி திறக்கிறது.

இந்தப் பொருள் டிபி53 மரபணுவில் எந்த எந்த இடங்களில் அதிகம் ஒட்டுகிறது என்பதை 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. புகைப்பவர்களின் நுரையீரல் புற்றுகளில் அந்த மரபணு அடிக்கடி கெட்டுப்போகும் இடங்களோடு அவை பொருந்தின. புகைக்கும் புற்றுக்கும் உள்ள உறவு மக்கள்தொகைக் கணக்குகளில் அதற்கு முன்பே உறுதியாகியிருந்தது. மூலக்கூறு அளவிலும் அது தெரிந்தபோது வாதாட இடமே இல்லாமல் போனது.

எழுத்து கெடுவது ஒரு பக்கம் நடக்க, வாசிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறுகிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் அசையும் நுண்மயிர்கள் கொண்ட செல்களும் சளி சுரக்கும் செல்களும் இருக்கும். தூசியைச் சளியில் பிடித்து மயிர்களால் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. தொடர்ந்து புகை பட்டால் சளிக்கான மரபணுக்கள் அதிகம் வாசிக்கப்படுகின்றன, நுண்மயிர்ச் செல்கள் குறைகின்றன. சில இடங்களில் உள்சுவரே தோல்போலத் தட்டையான செல்களாக மாறிவிடுகிறது. இது இன்னும் புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் தங்கள் வேடத்தை மறக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கான அடையாளம்.

அப்புறம் பூட்டுகள் மாறத் தொடங்கும். செல் கண்டபடி பிரியாமல் பிடித்து வைக்கும் புரதங்களில் ஒன்று பி16. நுரையீரல் புற்றுநோயில் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் ஒட்டி அது அடங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது, அதுவும் மிக ஆரம்பத்திலேயே. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டறியப்படுவதற்கு 3 ஆண்டுகள் வரை முன்பே எடுத்து வைத்திருந்த சளி மாதிரிகளில் இத்தகைய மெத்திலேற்றம் தென்பட்டது. எழுத்து ஒன்றும் மாறாமலேயே ஒரு பிடிமானம் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மைக்ரோ ஆர்என்ஏக்களும் மாறுகின்றன. லெட்-7 என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை, கேராஸ் முதலிய வளர்ச்சி மரபணுக்களின் நகல்களை அடக்கி வைப்பவை. பல நுரையீரல் புற்றுகளில் லெட்-7 குறைந்திருக்கிறது. அடக்குவது குறைந்தால், அடக்கப்பட்டிருந்தது கூடும். சாதாரண நுரையீரல் செல்களில் தூங்கிக்கிடக்கும் டெலோமரேஸ் என்ற நொதியின் மரபணு பெரும்பாலான புற்றுகளில் விழித்துக்கொள்கிறது. அது குரோமோசோம்களின், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழைகளின், நுனி தேயாமல் பார்த்துக்கொள்வதால், அந்தச் செல்கள் எல்லையில்லாமல் பிரிய முடிகிறது. பின்னர் பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களின் வாசிப்பும் குறைந்தால், செல்கள் பிரிந்து வேறு உறுப்புகளுக்குப் போவது எளிதாகிவிடுகிறது.

சுருக்கமாக: ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை இது. பிறழ்வுகளும் வாசிப்பு மாற்றங்களும் பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று சேர்கின்றன.

பிறழ்வு இருந்தும் அமைதியாக இருக்கும் செல்கள்

“பிறழ்வு இருந்தால் புற்றுநோய்” என்ற எண்ணத்தை அசைத்த ஆய்வு ஒன்று 2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லண்டனில் உள்ள பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழுவினர் செய்தது. புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி காணப்படுவது இஜிஎஃப்ஆர் மரபணுவின் பிறழ்வு. செல்லின் மேல் நின்று “வளர்” என்ற சமிக்ஞையை வாங்கும் புரதத்தைச் செய்வது இந்த மரபணு. புற்றில்லாத சாதாரண நுரையீரல் திசுக்களை ஆழமாக ஆராய்ந்தபோது, 18 சதவீத மாதிரிகளில் இஜிஎஃப்ஆர் பிறழ்வும், 53 சதவீதத்தில் கேராஸ் பிறழ்வும் இருந்தன. சில செல்களில் மட்டும், எந்தத் தொல்லையும் தராமல் இருந்தன.

அப்படியானால் அவற்றைத் தூண்டிவிடுவது எது? காற்று மாசில் உள்ள பிஎம் 2.5 என்ற நுண்துகள்கள் ஒரு காரணம் என்று அந்தக் குழு காட்டியது. எலிகளில் செய்த சோதனையில், துகள்கள் உள்ளே போனதும் நுரையீரலின் பாதுகாப்புச் செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளை வெளியிட்டன. அது காற்றுப் பைச் செல்களின் மரபணு வாசிப்பை மாற்றி, அவற்றைத் திசுவைப் பழுதுபார்க்கும் இளம் செல்களின் நிலைக்குக் கொண்டுபோனது. சாதாரணச் செல்லுக்கு அது தற்காலிக நிலைதான். இஜிஎஃப்ஆர் பிறழ்வு ஏற்கனவே உள்ள செல்லோ அந்த நிலையிலிருந்து கட்டியாக வளர்ந்தது. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுத்தபோது எலிகளில் கட்டிகள் உருவாவது குறைந்தது.

இங்கே துகள்கள் முக்கியமாகச் செய்தது எழுத்தை மாற்றும் வேலை இல்லை, சூழ்நிலையை மாற்றி வாசிப்பைத் திருப்பிவிட்டன. என்னைக் கேட்டால், மரபணு வெளிப்பாடு எவ்வளவு முக்கியம் என்று ஒருவருக்கு ஒரே ஓர் ஆய்வைக் கொண்டு விளக்க வேண்டுமானால் இதைத்தான் எடுப்பேன். புகையே பிடிக்காதவருக்கு ஏன் வந்தது என்று தவிக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு பகுதி விடையாவது தருகிறது. நோயாளி ஏதோ மறைத்திருப்பார் என்ற சந்தேகத்தை விட்டுவிட இதுவே போதுமான காரணம்.

தவறான வரியோடு ஒட்டிய வசனம்

சில புற்றுகளில் எழுத்து மாறுவதும் வாசிப்பு மாறுவதும் ஒரே நிகழ்வாக நடந்துவிடும். ஏஎல்கே என்ற மரபணு வளர்ந்தவர்களின் நுரையீரலில் சாதாரணமாக வாசிக்கப்படுவதே இல்லை. இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு உடைந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டும்போது, ஈஎம்எல்4 என்ற வேறொரு மரபணுவின் முன்பாதியோடு ஏஎல்கேயின் பின்பாதி இணைந்துவிடலாம். ஈஎம்எல்4 நுரையீரல் செல்லில் வாசிக்கப்படும் மரபணு. அதனால் ஒட்டிக்கொண்ட ஏஎல்கேயும் சேர்ந்து வாசிக்கப்படுகிறது. பிரதியில் பக்கம் மாற்றித் தைத்ததால், பேசவே கூடாத ஒருவரின் வசனம் ராஜாவின் வசனத்தோடு சேர்ந்து ஒலிப்பது போல.

ஜப்பானில் ஹிரோயுகி மனோ குழுவினர் 2007இல் இதைக் கண்டறிந்தார்கள். நுரையீரல் புற்றுகளில் பெரும்பாலானவை அடங்கும் ‘சிறு செல் அல்லாத’ வகையில் 100 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு இந்த இணைவு இருக்கிறது. கண்டறிந்த 4 ஆண்டுகளிலேயே, 2011இல், இதைக் குறிவைக்கும் கிரிசோடினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

திரும்பி வருமா?

பிறழ்ந்த எழுத்து தானாகச் சரியாவதில்லை. ஆனால் வாசிப்பில் ஏற்பட்ட மாற்றங்கள் சில திரும்பிவிடுகின்றன. புகைப்பவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களை 2004இல் ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, புகையால் வெளிப்பாடு மாறிய மரபணுக்களில் பல, பழக்கத்தை விட்ட பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதைக் கண்டது. சில மட்டும் பல ஆண்டுகள் ஆகியும் மாறிய நிலையிலேயே இருந்தன. புகையை விட்ட பிறகும் ஆபத்து உடனே பூஜ்ஜியமாகாமல் மெல்லக் குறைவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

2020இல் வேறொரு குழுவின் ஆய்விலிருந்து இன்னொரு நல்ல செய்தி வந்தது. புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாயில், புகைக்கவே செய்யாதவர்களின் செல்களைப் போலக் குறைந்த பிறழ்வுகள் மட்டுமே கொண்ட செல்கள் நிறைய இருந்தன. இப்போதும் புகைப்பவர்களைவிட விட்டவர்களிடம் அத்தகைய செல்கள் சுமார் 4 மடங்கு அதிகம். கெட்ட எழுத்துகள் திருத்தப்படவில்லை, எங்கோ சேதப்படாமல் ஒதுங்கியிருந்த செல்கள் பெருகி அந்த இடத்தை நிரப்பியிருக்கின்றன என்று அந்தக் குழு கருதியது. எத்தனை வயதில் விட்டாலும் பயன் உண்டு என்று மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சான்றுகள் இருக்கின்றன.

“வெளிப்பாடு திரும்பும்” என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, மரபணுவைச் சரிசெய்யும் பானம், நுரையீரல் சுத்திகரிப்பு மாத்திரை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றை நம்ப வேண்டாம். மெத்தில் குழுக்களை அகற்றும் உண்மையான மருந்துகள் உண்டு, அவை சில இரத்த நோய்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுபவை. நுரையீரல் புற்றுநோய்க்கு அவை வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

அறிக்கையை எப்படிப் பார்ப்பது

திசுப் பரிசோதனை அறிக்கையில் டிடிஎஃப்-1 என்று ஒரு வரி இருக்கலாம். அது நுரையீரல் செல்கள் பயன்படுத்தும் ஒரு படியெடுப்புக் காரணி. கட்டியின் செல்கள் அதை இன்னும் வெளிப்படுத்துகின்றனவா என்று பார்த்து, இது நுரையீரலில் தொடங்கியதா, எந்த வகை என்பதைக் கணிக்கிறார்கள். பிடி-எல்1 என்ற வரியும் வெளிப்பாட்டைப் பற்றியதுதான். நோய் எதிர்ப்புச் செல்களைத் தடுத்து நிறுத்த, புற்றுச் செல் தன் மேல் காட்டும் புரதம் அது. அதை எத்தனை சதவீதச் செல்கள் காட்டுகின்றன என்ற எண், நோய் எதிர்ப்புச் சிகிச்சையைத் தேர்வு செய்ய உதவுகிறது. எண் பெரிதாக இருப்பதால் நோய் அவ்வளவு முற்றிவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண் நோயின் கட்டத்தைச் சொல்வதில்லை.

இஜிஎஃப்ஆர் வரி பெரும்பாலும் எழுத்தைப் பற்றியது. இஜிஎஃப்ஆரைக் குறிவைக்கும் மருந்துகள் வந்த புதிதில், இஜிஎஃப்ஆர் புரதம் அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்த அளவு சரியான வழிகாட்டியாக அமையவில்லை. குறிப்பிட்ட பிறழ்வு இருப்பவர்களுக்கே மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பது 2004இல் தெரியவந்தது. ஆக, பிடி-எல்1இல் அளவு முக்கியம், இஜிஎஃப்ஆரில் எழுத்து முக்கியம்.

அதே இஜிஎஃப்ஆர் புற்று, சிகிச்சைக்குப் பிறகு சிலரிடம் சிறு செல் புற்று என்ற வேறு வகையாக உருமாறிவிடுகிறது. அப்போது பழைய பிறழ்வு டிஎன்ஏவில் அப்படியே இருக்கும். ஆனால் அந்த மரபணுவின் வாசிப்பு பெரிதும் குறைந்திருக்கும், நரம்புச் செல்களுக்கு உரிய சில மரபணுக்கள் பேசத் தொடங்கியிருக்கும். மாத்திரை குறிவைக்கும் புரதமே அங்கே குறைந்துவிட்டதால் மருந்து வேலை செய்யாது. நோய் திரும்பும்போது மருத்துவர் மறுபடியும் திசு எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எச்சிலை அனுப்பி வீட்டிலிருந்தே செய்துகொள்ளும் மரபணுப் பரிசோதனைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவை பிறக்கும்போது வந்த எழுத்துகளைத்தான் படிக்கின்றன. நுரையீரலில் பின்னால் சேர்ந்த பிறழ்வுகளையோ, அங்கே இப்போது எந்த மரபணு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதையோ எச்சிலிலிருந்து அவை சொல்லிவிட முடியாது. மூச்சுக்குழாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்களின் வெளிப்பாட்டைப் பார்த்து, நுரையீரலின் உள்ளே புற்று இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் முறையைப் பாஸ்டன் குழு 2007இல் காட்டியது. ஆனால் அது ஏற்கனவே சந்தேகம் எழுந்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பரிசோதனை செய்யப்படுபவர்களுக்கானது. பல ஆண்டுகள் அதிகமாகப் புகைத்தவர்களுக்கு, அறிகுறி தோன்றும் முன்பே நோயைப் பிடிக்க இன்று கையில் உள்ள நிரூபிக்கப்பட்ட வழி, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன்தான். மார்பு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் அது நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2011இல் காட்டியது.